கரண்டுக்கு ஜாமீன் கேட்ட மேலாளர்

மேடையில் அமர்ந்திருக்கும் கூட்டுறவு வங்கியின் தலைவர் அவர்களே! இன்றைய கிளை மேலாளர் அவர்களே! மின்சார அலுவலகத்திலிருந்து வந்திருக்கும் பொறியாளர் தம்பி அவர்களே! முன் வரிசையில், மறைந்த மேலாளர் அம்மாவின் படத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் அவர் மகளே! பட்டறையை அப்படியே அடைத்துவிட்டு, கையில் ஒட்டிய கிரீஸைக்கூடக் கழுவாமல் வந்து நிற்கும் இந்தத் தெருவின் பெருமக்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

இந்த மைக்குக்கு முன்னால் எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். எங்கள் மேலாளர் அம்மாவைப் பற்றிப் பேச, அவர் இல்லாத ஒரு கூட்டத்தில் நிற்பேன் என்று நினைத்ததே இல்லை. உங்களில் பலர் இங்கே அழ வந்திருக்கிறீர்கள். தாராளமாக அழுங்கள். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. கோபம் அடங்கினால்தானே அழுகை வரும்?

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் மின்சார அலுவலகத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தத் தெரு முனையில் நின்ற டிரான்ஸ்பார்மரை என் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டவன். மேலாளர் அம்மா என்னை ‘ஃபியூஸ் சார்’ என்றுதான் கூப்பிடுவார். நான் முதன்முதலில் அவரைப் பார்க்கப் போனதே சண்டை போடத்தான். கத்திப் பேசி முடித்து நான் கிளம்பியபோது, "உங்களுக்குத்தான் சார் முதல்ல ஃபியூஸ் போகுது, அப்புறம்தான் தெருவுக்குப் போகுது" என்றார். அன்றிலிருந்து அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது.

இன்று நான் உள்ளே நுழையும்போது, மகள் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாமா, மேடைக்குப் பின்னாடி கட்டியிருக்கிற பேனரப் பாத்தீங்களா? அதுல அம்மா பேரு இருக்கக் கூடாது மாமா. நான் பேசினா உடைஞ்சுடுவேன். நீங்க எடுத்துச் சொல்லுங்க" என்றார். எல்லோரும் தலையை நிமிர்த்தி ஒரு முறை அந்தப் பேனரைப் பாருங்கள். ‘மேலாளர் அம்மா நினைவு ஏசி கடன் திட்டம். செல்போனிலேயே விண்ணப்பம். ஒரே நிமிடத்தில் ஒப்புதல். யாரையும் கேட்கத் தேவையில்லை.’ நான் உட்கார்ந்ததும் தலைவர் எழுந்து அதைத் தொடங்கி வைப்பதாக ஏற்பாடு.

யாரையும் கேட்கத் தேவையில்லையாம்! அதற்குமேல் எங்கள் அம்மாவின் பெயராம்! அந்தப் பெயர் அங்கே இருக்கலாமா, கூடாதா? இன்று இந்த அரங்கில் முடிவாக வேண்டியது அது ஒன்றுதான். அதற்கு முன், அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று தெரிய வேண்டாமா? தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் கேளுங்கள்.

அவர் இந்தக் கிளைக்கு மேலாளராக வந்தபோது இந்தத் தெரு எப்படி இருந்தது? தையல் மிஷினைக் காலால் மிதித்தார்கள். பட்டறையில் இரும்பை அரத்தால் ராவி ராவித் தோள்பட்டை இறங்கிப்போனார்கள். வீட்டுக்கு ஒரு பல்பு, அதுவும் மங்கல். மின்சார அலுவலகத்தில் போய்க் கேட்டால், "உங்க தெருவுல செலவாகுற கரண்டே இவ்ளோதான், இதுக்கு எதுக்குப் புது லைன்?" என்பார்கள். வங்கியில் போய்க் கேட்டால், "கரண்டே ஒழுங்கா வராத தெருவுல மிஷின் வாங்கி என்ன பண்ணப் போறீங்க?" என்பார்கள். பணம் கரண்டுக்காகக் காத்து நின்றது. கரண்ட் பணத்துக்காகக் காத்து நின்றது. இரண்டுக்கும் நடுவில் இந்தத் தெரு வெயிலில் நின்றது.

படித்தவர்கள் இதைப் பற்றிப் பெரிய பெரிய கட்டுரைகள் எழுதுகிறார்களாம். வளரும் நாடுகளில் வங்கியும் கடனும் பெருகியதால் மின்சாரச் செலவு பெருகியதா, மின்சாரம் பெருகியதால் வங்கி வளர்ந்ததா என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்களாம். மேலாளர் அம்மாவும் பொருளாதாரத்தில் பட்டம் வாங்கியவர்தான். அந்தக் கட்டுரைகளை எல்லாம் வரவழைத்துப் படித்தவர்தான். "எதும்மா முதல்ல?" என்று நானே ஒருமுறை கேட்டேன். "எது முதல்ல வந்தா என்ன சார்? ரெண்டும் ஒண்ண ஒண்ணு கேட்டுக்கிட்டு வரணும். கேக்காம வந்தா அடிதடிதான்" என்றார். படித்த படிப்பு முழுவதையும் அவர் இந்தத் தெருவில் கொண்டுவந்து இறக்கினார்.

முதலில் தையல்காரர்களுக்கு மோட்டார் வாங்கக் கடன் கொடுத்தார். பிறகு கடைசல் பட்டறைக்கு, பிறகு வெல்டிங்குக்கு, பிறகு ரொட்டிக் கடை அடுப்புக்கு, பிறகு வீடுகளுக்கு ஃபிரிட்ஜ். மிதித்த கால்கள் ஓய்ந்தன. ராவிய தோள்கள் ஓய்ந்தன. இந்தத் தெருவின் பெண் பிள்ளைகள் கல்லூரி வாசலை மிதித்தது எதனால்? அந்த மோட்டார்களால்! அதை மறுப்பவர் யாராவது இங்கே இருக்கிறீர்களா?

ஆனால் என் அலுவலகத்தில் என்ன நடந்தது? அவர் கிளையில் கடன் ஏற ஏற, என் மீட்டரில் முள் ஏறியது. இந்த மாதம் அவர் கையெழுத்துப் போட்டால், அடுத்த சில மாதங்களில் என் டிரான்ஸ்பார்மர் கொதிக்கும். ஃபியூஸ் போகும், போடுவோம். மறுபடி போகும், மறுபடி போடுவோம். கம்பத்தில் ஏறி இறங்கி என் ஆட்களுக்கு முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம். ஒரு நாள் கோபம் தலைக்கேறி நேரே வங்கிக்குள் போனேன். நான் முதலில் சொன்ன சண்டை இதுதான்.

"ஏம்மா, நீங்க பாட்டுக்கு உக்காந்த எடத்துல கையெழுத்துப் போட்டுடறீங்க. ஒரு மிஷினுக்குக் கடன் குடுக்கும்போது, அது எங்கேருந்து கரண்ட் எடுக்கும்னு ஒரு நாளாவது யோசிச்சிருக்கீங்களா?"

அவர் முகம் சுளிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார். ஜன்னல் வழியாகத் தெருவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நான் மிஷினுக்குத்தான் கடன் குடுக்கறேன்னு நெனச்சிட்டிருந்தேன். நீங்க சொல்றதப் பாத்தா, கரண்டுக்குல்ல குடுத்திருக்கேன்!" என்றார்.

வேறொருவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்? ‘அது உங்க ஆபீஸ் பிரச்சினை’ என்று என்னை வெளியே அனுப்பியிருப்பார். இல்லையென்றால் பயந்துபோய்க் கடனையே நிறுத்தியிருப்பார். எங்கள் அம்மா என்னை உட்காரச் சொன்னார். எந்தக் கம்பியில் எந்தெந்தக் கடை இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு, வங்கியின் சுவரில் தெருவையே படமாக வரைந்து மாட்டினார். நடுவில் அவர் கொடுத்த டீ ஆறி ஏடு கட்டியது. அதற்குப் பிறகு அவர் கொண்டுவந்ததுதான், நீங்கள் எல்லோரும் சிரித்தீர்களே, அந்தக் ‘கரண்ட் ஜாமீன்’.

அது என்ன என்று புதியவர்களுக்குச் சொல்கிறேன். வங்கிக் கடனில் மிஷின் வாங்க நினைப்பவர், பணத்துக்கு ஜாமீன் கொண்டுவந்தால் மட்டும் போதாது. அதே கம்பியில் இருக்கும் அக்கம்பக்கத்துக்காரர்களையும் வங்கிக்குக் கூட்டி வர வேண்டும். நீ எந்த நேரம் ஓட்டுவாய், நான் எந்த நேரம் ஓட்டுவேன் என்று முகத்துக்கு நேரே பேச வேண்டும். ஒருவர் முடியாது என்று சொன்னால், அந்த நேரத்துக்கு அந்த மிஷின் கிடையாது. வேறு நேரம் பேசு. அதுவும் ஒத்துவரவில்லையா? குறைந்த கரண்டில் ஓடும் மோட்டாராகப் பார், அதற்கு வட்டியைக் குறைத்துத் தருகிறேன் என்றார். கரண்ட் பில் குறைந்தால் தவணை ஒழுங்காக வரும் என்பது அவர் வாதம். "பொண்ணு குடுக்கறதுக்குக்கூட இவ்ளோ விசாரிக்க மாட்டாங்கப்பா!" என்று டீக்கடையில் கேலி பேசினார்கள். அவர் காதிலும் விழுந்தது. "பொண்ண விட இது ஆபத்து. பொண்ணு கோவிச்சுக்கிட்டா வீட்டுக்குத்தான் வரும். இது தீப்புடிக்கும்" என்று அவரும் பதிலுக்குச் சொன்னார்.

ரொட்டிக் கடைக்காரரையும் கடைசல் பட்டறைக்காரரையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதோ, ஒருவர் இந்த ஓரத்திலும் ஒருவர் அந்த ஓரத்திலும் உட்கார்ந்திருக்கிறார்கள். கூடப் பிறந்த அண்ணன் தம்பி. பாகம் பிரித்த நாளிலிருந்து பேச்சு வார்த்தை கிடையாது. சுவர் ஒன்று, கம்பி ஒன்று, முகம் மட்டும் வேறு வேறு பக்கம். தம்பி ரொட்டி அடுப்புக்குக் கடன் கேட்டு வந்தார். "அண்ணனக் கூட்டிட்டு வாங்க" என்றார் அம்மா. "அவன் மூஞ்சில முழிக்கிறதுக்கு நான் வெறகடுப்புலயே வெந்து சாவேன்" என்றார் தம்பி. "சரி, வெறகு வாங்கக் கடன் வேணும்னா தர்றேன்" என்றார் அம்மா.

கடைசியில் இருவரும் வந்தார்கள். ஒரே பெஞ்சில் ஆளுக்கொரு நுனியில் உட்கார்ந்து, ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள். "அவங்கிட்ட சொல்லுங்க மேடம், பகல்ல போட்டா என் மிஷின் படுத்துக்கும்" என்றார் அண்ணன். "விடியக்காலைல போட்டா இவருக்கு என்ன போச்சுன்னு கேளுங்க மேடம்" என்றார் தம்பி. "விடிகாலைல போட்டுக்கட்டும். நான் வெயில் ஏறினப்புறம்தான் பட்டறை தொறக்கறேன்" என்றார் அண்ணன். நடுவில் அம்மா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்து வலியோடு வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு அவர்கள் ஒன்று சேர்ந்தார்களா? இல்லை. இன்றும் பேசுவதில்லை. ஆனால் பேசிய நேரத்தை இருவரும் ஒரு நாளும் மீறியதில்லை. எனக்கு அது போதும்.

தலைமை அலுவலகம் சும்மா இருந்ததா? கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்டார்கள். மற்றக் கிளைகள் எல்லாம் கடனை அள்ளி வீசும்போது உங்கள் கிளை மட்டும் ஏன் கிள்ளிக் கொடுக்கிறது என்று கேட்டார்கள். "சார், மத்த கிளையில மிஷினுக்குக் கடன் போயிருக்கு, மிஷின் நிக்குது. பாதி நாள் கரண்ட் இல்ல. என் கிளையில மிஷின் ஓடுது. ஓடற மிஷின்தான் சார் தவணை கட்டும்" என்றார். பதவி உயர்வு போனது. அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் எல்லாம் அவரைத் தாண்டி மேலே போனார்கள். "மேல போனா லிஃப்ட்லதான் போகணும், கரண்ட் போச்சுன்னா நடுவுல மாட்டிக்குவேன்" என்று சிரித்தாரே தவிர, ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

ஆனால் இதில் எல்லோருக்கும் நல்லதே நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். செத்தவர்களைப் பற்றிப் பேசும்போது பூசி மெழுகுவது வழக்கம். எனக்கு அது வராது. இங்கே மூன்றாம் வரிசையில் தையல்காரம்மா இருக்கிறார். பள்ளிக்கூடச் சீருடைக்கு ஒரு பெரிய ஆர்டர் அவருக்கு வந்தது. கூடுதலாக மிஷின்கள் போடக் கடன் கேட்டார். அக்கம்பக்கத்தில் ஒருவரும் நேரம் விட்டுக்கொடுக்கவில்லை. கடன் கிடைக்கவில்லை. ஆர்டர் வேறொருவருக்குப் போய்விட்டது. வங்கியின் நடுக்கூடத்தில் நின்று தையல்காரம்மா கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

"காசுள்ளவன் ரொக்கம் குடுத்து ஏசி வாங்கி மாட்டறான். அவன எவன் கேக்கறான்? கடனுக்கு வர்ற எங்களத்தான் கேப்பீங்களா?"

நியாயமான கேள்வியா, இல்லையா? மேலாளர் அம்மா மறுநாள் மதியம் நகைக்கடை முதலாளியின் வாசலில் போய் நின்றார். ரொக்கத்தில் வாங்கிய ஏசிகள் அந்த வீட்டில் அறைக்கு அறை ஓடிக்கொண்டிருந்தன. "என் காசு, என் கரண்ட். உங்களுக்கு என்னம்மா?" என்றார் முதலாளி. "காசு உங்களோடது சார். கம்பி எல்லாரோடதும்" என்றார் அம்மா. முதலாளி கதவைச் சாத்திவிட்டார். அம்மா மறுபடி போனார், அவர் மறுபடி சாத்தினார். கடைசியில் முதலாளியின் மனைவிதான், "அந்தம்மா வெயில்ல நிக்கறதப் பாக்க முடியல, உள்ள கூப்பிட்டு என்னன்னுதான் கேளுங்களேன்" என்று தாழ்ப்பாளை நீக்கினார். மாலை நேரத்தில் ஒரே ஒரு அறையில் மட்டும் ஏசி போடுவது என்று முதலாளியும் ஒப்புக்கொண்டார். சட்டம் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை, வங்கி கட்டாயப்படுத்தவில்லை. ஒரு பெண் வந்து கேட்டார், அவ்வளவுதான். ஆனாலும் தையல்காரம்மாவின் ஆர்டர் போனது போனதுதான். அந்த வருத்தம் மேலாளர் அம்மாவுக்குக் கடைசிவரை தீரவில்லை. இரண்டாவது டிரான்ஸ்பார்மர் வந்துவிட்டால் யாருக்கும் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்காது என்று, நானும் அவரும் ஏறி இறங்காத படி இல்லை. இன்று வரை அது வரவில்லை.

பிறகு அவர் ஓய்வு பெற்றார். நுரையீரல் கெட்டது. மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்சிஜன் மிஷின், அதன் உறுமல், இதுதான் வாழ்க்கை என்று ஆனது. காற்றைப் பிரித்துக் கொடுக்கும் அந்த மிஷினும் கரண்டில்தான் ஓடுகிறது. "நானும் இப்ப ஒரு கனெக்ஷன் ஆயிட்டேன் ஃபியூஸ் சார்" என்பார். மூச்சு விட்டு மூச்சு விட்டுத்தான் ஜோக்கையும் சொல்வார். நாம் அவசரப்படாமல் காத்திருந்து சிரிக்க வேண்டும்.

அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு வங்கி மாறியது. இன்றைய மேலாளர் கெட்டவர் அல்ல, தலைவரும் கெட்டவர் அல்ல. ஊரெல்லாம் செல்போனில் கடன் வந்துவிட்டது. நாமும் கொடுக்காவிட்டால் வங்கி படுத்துவிடும் என்று அவர்களும் கொடுத்தார்கள். விரலை வைத்தால் கடன். சுவரிலிருந்த தெருப் படத்தைக் கழற்றிவிட்டு அங்கே டிவி மாட்டினார்கள். இந்தக் கோடை எப்படிக் கொளுத்தியது என்று உங்களுக்கே தெரியும். பச்சைக் குழந்தைக்கு வேர்க்குரு என்று ஒருவர் ஏசி வாங்கினார். வயதான தகப்பனுக்கு மயக்கம் வருகிறது என்று ஒருவர் வாங்கினார். யார் வாங்கியது தவறு? எந்த வீட்டைச் சொல்வேன்? ஒவ்வொரு வீட்டிலும் நியாயம் இருந்தது. எல்லா நியாயமும் ஒரே கம்பியில் வந்து தொங்கியது!

சில நாட்களாகவே விளக்குகள் மங்கி எரிந்தன. மேலாளர் அம்மா வீட்டில் ஆக்சிஜன் மிஷினுக்கு வைத்திருந்த பேட்டரி முழுதாக ஏறவே இல்லை. அன்று பட்டப்பகலில், தெரு முனை டிரான்ஸ்பார்மரில் டமார் என்று சத்தம் கேட்டது. எண்ணெய் கொதித்துப் புகை எழுந்தது. நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அதற்குள் என் செல்போனில் மகள்: "மாமா, கரண்ட் எப்ப வரும் மாமா?"

நான் அவர் வீட்டுக்கு ஓடினேன். பேட்டரி கடைசி மூச்சில் கத்திக்கொண்டிருந்தது. கைவசம் இருந்த சின்ன சிலிண்டரை மகள் மாட்டியிருந்தார். அது தீர்ந்துகொண்டிருந்தது. சிலிண்டர் நிரப்பும் கடைக்கு மருமகன் போயிருந்தார். அங்கேயும் பம்பு நின்றுவிட்டது, அந்தக் கடையும் இதே லைன். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது. சிக்னல் விளக்குகள் அணைந்து, நான்கு முனையிலும் வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. என்னைப் பார்த்ததும், சிலிண்டரோடு மாட்டியிருந்த முகமூடியைக் கொஞ்சம் விலக்கிக் கேட்டார்:

"லைனா, டிரான்ஸ்பார்மரா?"

லைன் அறுந்திருந்தால் சீக்கிரம் இழுத்துக் கட்டிவிடலாம். டிரான்ஸ்பார்மர் என்றால் நாள் கணக்கு. அந்த வித்தியாசம் அவருக்குத் தெரியும். என்னிடமிருந்து கற்றுக்கொண்டதுதான். நான் என்ன சொல்வேன்? அவரிடம் பொய் சொல்ல முடியுமா? "டிரான்ஸ்பார்மர்மா" என்றேன். அவர் தலையை மெல்ல ஆட்டினார். முகமூடியைத் தானே சரிசெய்துகொண்டு, மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்து, படியில் இறக்கி, வண்டிக்குள் ஏற்றும்போதே எல்லாம் முடிந்துவிட்டது.

மருத்துவமனைச் சான்றிதழில் நுரையீரல் நோய் என்று எழுதியிருக்கிறார்கள். எழுதட்டும். அந்த நோயோடு அவர் இன்னும் சில காலம் இருந்திருப்பார். அவரைக் கொன்றது கேட்காமல் வாங்கியதும் கேட்காமல் கொடுத்ததும்தான். இதைச் சொல்ல எனக்கு வாய் கூசவில்லை. கேட்க உங்களுக்குக் கசந்தால், கசக்கட்டும்!

தலைவர் அவர்களே! கடன் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஏசி வாங்காதீர்கள் என்றும் சொல்லவில்லை. இந்த வெயிலில் அப்படிச் சொல்ல நான் யார்? கரண்ட் இல்லாமல் ஏழை நிமிர முடியாது, கடன் இல்லாமல் அவனுக்குக் கரண்ட் வராது என்று தலைமை அலுவலகத்தில் நின்று வாதாடியவர் எங்கள் அம்மா. ‘யாரையும் கேட்கத் தேவையில்லை’ என்ற வரிக்கு மேலே அவர் பெயரை எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அதை மட்டும்தான் கேட்கிறேன்.

யாரது, பின்னால் கை தூக்குவது? வெல்டிங் பட்டறைக்காரரா? சொல்லுங்கள். இங்கே கேட்கவில்லை, எழுந்து நின்று சொல்லுங்கள். கேட்காதவர்களுக்காக நான் திருப்பிச் சொல்கிறேன். "சார், எனக்கு ரெண்டாவது வெல்டிங் மிஷினுக்கு செல்போன்லயே கடன் பாஸாயிடுச்சு. நாளைக்கு மிஷின் வருது. நான் யாரையும் கேக்கல. இப்ப கேக்கறேன். சாயந்திரத்துல போட்டுக்கலாமா?" என்கிறார்.

கேட்டுவிட்டார்! பதில் சொல்ல வேண்டியவர்கள் இங்கேதானே இருக்கிறீர்கள்? அவர் கம்பியில் இருப்பவர் யார்? தையல்காரம்மா எழுந்திருக்கிறார். சொல்லுங்கம்மா.

"முடியாது தம்பி. சாயந்திரம் எம் பையனுக்கு மூச்சுத் திணறும். மருந்துப் புகை பிடிக்கிற மிஷின் ஓடணும். நீ வெல்டிங் வச்சா விளக்கே அணையும். என்னால முடியாது" என்கிறார். ஒரு காலத்தில் அக்கம்பக்கம் எல்லோரும் இல்லை என்று சொன்னதால் ஆர்டரைத் தொலைத்தவர் அவர். இன்று தன் வாயால் இல்லை என்று சொல்வது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குப் புரிகிறதா?

வெல்டிங்காரர் நிற்கிறார். முகம் சிவந்திருக்கிறது. மிஷினுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது, பாவம். என்ன சொல்லப் போகிறீர்கள்? "சரிக்கா. காலைல போட்டுக்கறேன். சாயந்திர வேலைய விட்டுடறேன்" என்கிறார். "காலைல போட்டுக்க தம்பி" என்கிறார் தையல்காரம்மா. கைதட்டாதீர்கள். தயவுசெய்து யாரும் கைதட்டாதீர்கள். இவருடைய மாலை வருமானம் போயிருக்கிறது. இது கைதட்டுகிற விஷயம் இல்லை.

தலைவர் எழுந்து நிற்கிறார். என்னைத் தாண்டி முன் வரிசையைப் பார்க்கிறார். மைக்கை அவர் பக்கம் திருப்புகிறேன். சொல்லுங்கள் ஐயா.

"அம்மா, நாங்க மரியாதைக்காகத்தான் வச்சோம். உங்கள முன்னாடியே கேட்டிருக்கணும். இப்ப கேக்கறேன். உங்கம்மா பேர வைக்கலாமா?" என்று தலைவர் கேட்கிறார். அரங்கமே மகளைப் பார்க்கிறது. வேண்டாம்மா, எழுந்திருக்க வேண்டாம், உட்கார்ந்தபடியே சொல்லுங்கள்.

"இப்ப கேட்டீங்கல்ல சார், அதுக்கு நன்றி. வேணாம்."

மகள் சொன்னது எல்லோருக்கும் கேட்டதா? வேணாம் என்றார். தலைவர் தலையசைக்கிறார். வாதாடவில்லை, விளக்கம் சொல்லவில்லை. ‘சரிம்மா’ என்று சொல்லிவிட்டு உட்காருகிறார். தலைவர் அவர்களே, இத்தனை வருடத்தில் உங்கள்மேல் எனக்கு இவ்வளவு மரியாதை வந்ததே இல்லை. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை.

மேடைக்குப் பின்னால் நிற்பவர்களே, அந்தப் பேனரை இறக்குங்கள். மெதுவாக. இழுக்காதீர்கள். பெயர் இருக்கும் இடம் கிழியக் கூடாது.

பெருமக்களே! நாளை காலை வங்கி திறந்ததும் நான் அங்கே இருப்பேன். அந்தத் தெருப் படத்தை மறுபடி வரையப் போகிறேன். டிவி மாட்டிய இடத்தில் மாட்ட அனுமதி கேட்கப் போகிறேன். இல்லை என்றால் வாசலில் மாட்டிக்கொண்டு உட்காருவேன். கடன் வாங்கியவர் வாருங்கள், ரொக்கத்துக்கு வாங்கியவரும் வாருங்கள். மின்சார அலுவலகத்துத் தம்பி, நீங்களும் வாருங்கள். எரிந்துபோனதற்குப் பதில் அதே அளவில் ஒன்றைத்தான் வைத்திருக்கிறார்கள். இரண்டாவது டிரான்ஸ்பார்மருக்கு மறுபடி படியேறுவோம், இந்த முறை தெருவே ஏறும். அது வரும்வரை ஒருவரை ஒருவர் கேட்போம். இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தால் சொல்வோம். சொல்லிவிட்டு மறுநாள் முகத்தில் விழிப்போம்.

மேலாளர் அம்மா! நீங்கள் இருந்திருந்தால், இந்த ஃபியூஸ் சாருக்கு இன்னும் கோபம் அடங்கவில்லையா என்று கேட்டிருப்பீர்கள். இப்போதுதான் எனக்கு அழுகை வருகிறது. இன்று உங்கள் தெருவில் கேட்டார்கள் அம்மா. இல்லை என்றார்கள். சரி என்று உட்கார்ந்தார்கள். போய் வாருங்கள்.